சம்பந்தியம்மாவிடம் சொல்ல ஒரு வாக்கியம்

மில்லுக்கார அக்கா என்னிடம் ஸ்பானிஷ் படிக்க வந்த அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டார். பாஷை முழுக்க வேண்டாம், ஒரே ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்லிக் கொடுத்தால் அவர்பாட்டுக்கு எழுந்து போய்விடுவார், என் நேரமும் வீணாகாது.

"என்ன வாக்கியம்க்கா?" என்றேன்.

"எம்பொண்ண பிரசவத்துக்கு எங்கூட்டுக்கு அனுப்பி வெய்யுங்கன்னு சம்பந்தியம்மாகிட்ட கேக்கோணும். அவ்வளவுதானுங் அம்மிணி."

"சரி. நீங்க கேட்டதுக்கு அவங்க ஏதாவது பதில் சொன்னா?"

அக்கா யோசித்தார். கொண்டுவந்திருந்த எண்ணெய்த் தூக்கை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். "அப்ப அதையுஞ் சொல்லிக் குடுத்துருங்" என்றார்.

இப்படித்தான் ஆரம்பித்தது.

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அக்காவின் எண்ணெய் மில். மில்லுக்குப் பின்னாலேயே வீடு. கணவர் போனபின் தனியாளாக நின்று நடத்துகிறார். ஒரே மகள். அவள் ஸ்பெயினுக்குப் படிக்கப் போனாள், அங்கேயே வேலை தேடிக்கொண்டாள், கூட வேலை செய்கிற பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் போனில் சொன்னாள். அக்கா ஏறக்குறைய ஒரு வருடம் மகளோடு பேசவில்லை. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி வந்ததும் கோபம் எந்த வழியாகப் போனதென்று அவருக்கே தெரியவில்லை. முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் தேவிகுளம் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் மெக்சிகோக்காரர்களின் போனை எடுக்கும் வேலை பார்த்தேன். அவர்கள் வீட்டில் இன்டர்நெட் போய்விட்டால் என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் பாதி மன்னிப்புக் கேட்பது, மீதி மோடத்தை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்வது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபின் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வகுப்பெடுக்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது. நான் சத்தம் போட்டால் பிள்ளைகள் கேமராவை அணைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். நேரில் வந்து உட்கார்ந்த முதல் ஆள் அக்கா. அவர் தப்பிக்கவும் இல்லை, என்னைத் தப்பிக்க விடவும் இல்லை.

மகளே இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்ல மாட்டாளா என்று ஆரம்பத்திலேயே கேட்டுப் பார்த்தேன். அக்காவுக்கு முகம் மாறிவிட்டது.

"அவ சொல்ற லட்சணந்தான் பாத்தனே. வீடியோல சம்பந்தியம்மாகிட்ட நான் மூச்சு வாங்கற அளவுக்குப் பேசுனனுங். இவ அங்க திரும்பி ரெண்டே வார்த்தை சொன்னா. அந்தம்மா சிரிக்குது. மிச்சமெல்லாம் எங்க போச்சுங்?"

நியாயமான கேள்விதான். அந்த மிச்சத்தில் என்னென்ன இருந்திருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிந்தது. மகள் செய்தது புண்ணியம் என்றுகூட நினைத்தேன், சொல்லவில்லை.

இன்னொன்றைச் சொன்னேன், அது எடுபடவில்லை. "அந்த ஊர்ல மருமகளை அனுப்பச் சொல்லி மாமியாரைக் கேக்குற வழக்கமே கிடையாதுக்கா" என்றேன்.

"எந்த ஊரானாலும் மாமியா மாமியாதானுங். அவிய சரின்னு சொல்லாம நாம கூட்டிக்கிட்டு வந்தா நாளைக்கி ஒரு சொல்லு வந்துரும். மொறையாக் கேட்டுத்தான் கூட்டியாரோணும்."

இதற்கு மேல் நான் என்ன பேச? பாடத்தைத் திறந்தேன்.

முதல் சண்டை எண்ணெயில் வந்தது. ஸ்பானிஷில் ஒவ்வொரு பொருளும் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கும். மேசை 'லா மேசா', அது பெண். அக்கா அதை ஆட்சேபிக்கவில்லை. மேசை என்ற சொல்லையே அவர்கள் நம்மிடமிருந்துதான் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். உண்மை நேர்மாறானது, போர்த்துகீசியர் கொண்டுவந்து இறக்கியது என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. உப்பு பெண், சரி. அரிசி ஆண், போகட்டும். எண்ணெய் 'எல் அசேய்தே', அதுவும் ஆண் என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"எண்ண ஆம்பளைங்களா? எந்த ஆம்பளைங் ஆட்டுனான்? மில்ல ஓட்டறது நானுங்."

"நான் வைக்கலக்கா பேரு."

"கேட்டுப் பாருங், மாத்துவாங்களான்னு."

யாரிடம் கேட்பது? அவருக்காகக் கொஞ்ச நாள் எண்ணெயைப் பெண்ணாகவே வைத்துக்கொண்டோம். பிறகு அவராகவே ஒருநாள் மனமிரங்கி ஆணாக்கிவிட்டார்.

மரியாதைப் பாடம் மட்டும் வெண்ணெய் மாதிரி இறங்கியது. நெருங்கியவர்களுக்கு 'தூ', மதிக்கத் தக்கவர்களுக்கு 'உஸ்தேத்' என்றேன். 'ங்க' போடுவதுதானே என்றார், முடிந்தது. முடிந்தது என்றால், அதன்பிறகு 'தூ' என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. பாடத்தில் ஒரு நாய் வரும், அதனிடம் 'நீ எங்கே போகிறாய்' என்று கேட்க வேண்டும். அக்கா அந்த நாயையும் உஸ்தேத் போட்டு, எங்கே போகிறீர்கள் என்று விசாரித்தார்.

"நாய்க்குமா 'ங்க' போடுவீங்க?"

"நாயின்னா மருவாதி இல்லீங்களா? உங்க எஸ்டேட்டுல எப்படியோ."

என் தமிழை இளக்காரம் செய்ய அவருக்குக் கிடைத்த சந்தர்ப்பம் எதையும் விட மாட்டார். நான் 'வீடு' என்றால் 'ஊடு' என்று திருத்துவார். பள்ளிக்கூடமே நம்முடையதுதான், ஆனால் மார்க் போடுவது அவர்.

'கிராசியாஸ்' என்ற நன்றியை மட்டும் தொடவே மாட்டேன் என்றார். காய்கறிக்காரரிடம் சொல்லலாம், பஸ் கண்டக்டரிடம் சொல்லலாம், சம்பந்தியிடம் சொன்னால் அன்னியமாகிவிடாதா என்று கேட்டார். அவர்கள் பெற்ற பிள்ளைக்கே நன்றி சொல்வார்கள் என்றேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பிள்ளைகளை நினைத்து வருத்தப்பட்டாரோ என்னவோ.

மத்தியானம் மில்லில் கூட்டம் குறையும் நேரத்தில்தான் அவருக்கு ஒழிவு. அதனால் கொஞ்ச நாளில் வகுப்பு அங்கே மாறிவிட்டது. எள் ஆடுகிற இரைச்சலில் நான் கத்திச் சொல்ல, அவர் கத்தித் திருப்பிச் சொல்வார். மெஷின் நின்ற பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை. ஸ்பானிஷ் என்றால் கத்திப் பேசுகிற பாஷை என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. 'எப்படி இருக்கிறீர்கள்' என்று அவர் கேட்டால் எதிரே இருப்பவர் இரண்டடி பின்னால் போவார். படித்த சொற்கள் மறக்காமலிருக்க, எண்ணெய்த் தகரங்களின் மேல் சாக்பீஸால் 'அசேய்தே' என்று தமிழில் எழுதி வைத்தார். பக்கத்துச் சித்தூரிலிருந்து வந்த ஒருவர் இது என்ன புதுசா என்று கேட்டு, தனக்கும் அதிலேயே ஒரு லிட்டர் வாங்கிப் போனார். அடுத்த வாரம் வந்து, பழைய எண்ணெயைவிட இது வாசனையாக இருக்கிறது என்றார். அக்கா முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் சொல்லிப் பார்ப்போம். 'சென்யோரா, கோன் சு பெர்மீசோ, கியேரோ யெவார் அ மி இஹா அ மி காசா பாரா எல் பார்த்தோ.' அம்மா, உங்கள் அனுமதியோடு என் மகளைப் பிரசவத்துக்கு என் வீட்டுக்குக் கூட்டிப்போக விரும்புகிறேன். மகளுக்குத் தெரியாமல் நடந்த படிப்பு இது. அவள் போன் செய்தால் அக்கா என்னைப் பார்த்து வாயில் விரல் வைப்பார்.

ஏழாம் மாதம் பிறந்ததும் மகள் ஊருக்கு வருகிறாள் என்று முடிவானது. இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்ப டிக்கெட். அதை விட்டால் பிறகு விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஆக, அந்த இரண்டு வாரத்துக்குள் சம்பந்தியம்மா சரி என்று சொல்லிவிட்டால் பிள்ளை கொழிஞ்சாம்பாறையில் பிறக்கும், இல்லாவிட்டால் ஸ்பெயினில். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. மருமகளைத் தனியாக அனுப்பக்கூடாது என்று சம்பந்தியம்மா கூட வருகிறார்.

"காவலுக்கு வருதுங் அந்தம்மா" என்றார் அக்கா. "பொண்ணத் திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போறதுக்கு."

இந்தப் பக்கத்தில் ஏழாம் மாதம் கட்டுச்சோறு என்று ஒரு விருந்து உண்டு. பெண்ணைப் பெற்றவர்கள் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு என்று வகைவகையாய்க் கட்டி எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார்கள். அங்கே விருந்து வைத்து, கேட்டு, பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவார்கள். அக்காவுக்கு ஒரு சிக்கல். மாப்பிள்ளை வீடு ஸ்பெயினில் இருக்கிறது. சோற்றைக் கட்டிக்கொண்டு எங்கே போவது? பெண்ணும் சம்பந்தியும் தன் வீட்டிலேயே வந்து இறங்கிவிட்டால் எந்த வாசலுக்குப் போய்க் கேட்பது? இதை யோசித்து யோசித்து ஒருநாள் பாடத்தின் நடுவே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அம்மிணி, உங்க ஊட்டுல ரெண்டு ரூம்பு சும்மாதான கெடக்குது?"

அப்படித்தான் எங்கள் வீடு ஸ்பெயின்காரர்களின் வீடாகிப்போனது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மாமியார் வீடு என்று ஆகிவிட்டதே, நமக்கும் ஏதாவது சீர் வருமா என்று கேட்டார்.

கோயமுத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து கார் நேராக எங்கள் வாசலில் வந்து நின்றது. மகள் இறங்கினாள், வயிறு நன்றாகத் தெரிந்தது. சம்பந்தியம்மா உயரமாக, வெயிலில் சிவந்துபோன மூக்கோடு இறங்கினார். அக்கா அவர்முன் போய் நின்று, வாங்க, பயணம் எப்படி இருந்தது, இங்கே வெயில் அதிகம் என்று ஸ்பானிஷில் ஒரே மூச்சில் கத்தினார். அந்த அம்மா பயந்துபோய் மருமகளைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்து அக்காவைக் கட்டிக்கொண்டார். உன் அம்மா மெக்சிகோ சீரியலில் வருகிற மாதிரி பேசுகிறாரே என்றார் மருமகளிடம். அந்தப் பழி முழுக்க என்னுடையது.

மகள்தான் சிரிக்கவில்லை. "எப்பம்மா படிச்ச?" என்றாள்.

"அது கெடக்குது. நீ போய் ரெஸ்ட் எடு."

"நம்மூட்டுக்குப் போலாம்மா. எதுக்கு இங்க?"

"கட்டுச்சோறு முடியற வரைக்கும் நீ அங்க வரக்கூடாது சாமி. மொறையில்ல."

மகள் என்னைப் பார்த்தாள். நான் காபி போட உள்ளே போய்விட்டேன். கடல் தாண்டி வந்த பெண்ணை இரண்டு தெரு தாண்ட விடாமல் நிறுத்தி வைத்தது எனக்கே எரிச்சலாக இருந்தது. அக்கா வேளாவேளைக்குச் சாப்பாடு அனுப்பினார். சாயங்காலம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு விருந்தாளி மாதிரி வந்து சோபா நுனியில் உட்கார்ந்தார். சம்பந்தியம்மாவோடுதான் பேச்சு. வெயில், எண்ணெய், விலைவாசி, மூட்டுவலி. தெரியாத இடத்தில் கையை ஆட்டிச் சமாளித்துவிடுவார். மகள் ஒருபக்கம் உட்கார்ந்து இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடம் அக்கா கேட்டதெல்லாம் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, இவ்வளவுதான். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் இந்தப் பக்கம் திரும்பிவிடுவார்.

கட்டுச்சோறு நாள் வந்தது. பெட்டி ஆட்டோவில் பாத்திரங்களும், அதன் பின்னால் காரில் நாலைந்து உறவுக்காரர்களுமாக அக்கா இரண்டு தெரு தாண்டி வந்து இறங்கினார். எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சம்பந்தியம்மாவுக்கு நான்தான் புடவை கட்டிவிட்டிருந்தேன். அவர் நடக்கப் பயந்து நின்ற இடத்திலேயே நின்றார். மகளுக்கு வளையல் போட்டார்கள், சந்தனம் பூசினார்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் அக்கா வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்த தட்டை எடுத்துக்கொண்டு சம்பந்தியம்மாவின் முன் போய் நின்றார். பரீட்சை எழுதுவது அவரா நானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சென்யோரா என்று ஆரம்பித்தார். ஒரு சொல் பிசகவில்லை. சத்தம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் வாக்கியம் முழுசாக, அழகாக வந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

சம்பந்தியம்மா தட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். குழம்பிப்போய், ஆனால் அன்பாகச் சொன்னார். "என் அனுமதியா? என்னை எதற்குக் கேட்கிறீர்கள்? அவளைக் கேளுங்கள்." சொல்லிவிட்டு மருமகளைக் கையால் காட்டினார்.

மெதுவாக, தெளிவாகச் சொன்ன எளிய ஸ்பானிஷ் அது. அக்காவுக்குப் புரிந்துவிட்டதை நான் பார்த்தேன். இருந்தும் என்னிடம் திரும்பி, "என்னங் சொல்லுது அந்தம்மா?" என்றார்.

"உங்களுக்கே புரிஞ்சதுக்கா" என்றேன்.

உறவுக்காரர்கள் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா மகள் பக்கம் திரும்பி, ஒன்றும் நடக்காதது மாதிரி, "சரி, துணிமணியெல்லாம் எடுத்து வெய்யி. நேரமாச்சு, போலாம்" என்றார்.

மகள் எழுந்திருக்கவில்லை. "அம்மா, அத்தையக் கேக்கறதுக்கு ஒரு பாஷையே படிச்சிருக்கற. என்னக் கேக்கறதுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தை கெடைக்கலயா உனக்கு?" என்றாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. "நீ என்னக் கேட்டுட்டா கல்யாணம் பண்ணுன?"

"கேட்டிருந்தா வேண்டாம்னிருப்ப."

"ஆமா. வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதுக்குப் பயந்துதாம்மா நான் கேக்கல" என்றாள் மகள். "நீயும் அதுக்குப் பயந்துதான் கேக்கலயா?"

எதற்கும் ஒரு பதில் கையில் வைத்திருக்கிற அக்கா தட்டை அப்படியே கீழே வைத்தார். மகளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். வளையல் போட்ட அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது, வேறொன்றுமில்லை.

"ஊட்டுக்கு வர்றியா கண்ணு?" என்றார் அக்கா. எனக்கே சரியாகக் கேட்காத குரல். "வேண்டாம்னாலும் சொல்லு. பரவாயில்ல."

"இன்னைக்கி வர்றேன். டிக்கெட்டு இருக்கற வரைக்கும் உங்கூடத்தான் இருப்பேன். ஆனா பிரசவம் அங்கதாம்மா. அவரு பக்கத்துல இருந்தாத் தேவலைன்னு இருக்குது." அவள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "ஆனா பயமா இருக்குதும்மா. நீ அங்க வர்றியா?"

சம்பந்தியம்மா என் முழங்கையைத் தொட்டு, என்ன நடக்கிறது என்று காதோடு கேட்டார். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டத்தில் ஒரு பெரியவர், அக்காவின் ஒன்றுவிட்ட அண்ணன், முன்னால் வந்தார். "அதெப்படி ஆகும்? நீ அங்க போயிட்டா மில்ல ஆரு பாக்கறது?" என்றார்.

அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மில்லு கெடக்குதுங். எம்புள்ள என்ன வர்றியான்னு கேட்டிருக்கறா."